தெரிந்தவர் பெயரில் ஒரு மரண அறிவிப்பு: கீழிருந்து மேலாகப் படியுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கடலூரில் பழகிய ஒருவரின் பெயரில் மரண அறிவிப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. படம் மங்கல். வயது ஒத்துவருவது போலவும் இருக்கிறது, வராதது போலவும் இருக்கிறது. அவர்தானா என்று எப்படி உறுதி செய்துகொள்வது? அவர்தான் என்றால் போக வேண்டுமா? நாள் கடந்துவிட்டிருந்தால் என்ன செய்வது?

இந்த அறிவிப்புகள் உங்களை மனதில் வைத்து எழுதப்படுவதில்லை. பங்காளி, சம்பந்தி, தெருக்காரர், சங்கத்துக்காரர் என்று இறந்தவரை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு, எப்போது எடுக்கிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று சொல்வதற்காக எழுதப்படுபவை. அடையாளம் காட்டும் வேலையை அவை அரைகுறையாகத்தான் செய்யும். பெரிய எழுத்துப் பெயரையும் படத்தையும் பார்த்து முடிவுக்கு வருபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அடியில் பொடி எழுத்தில் இருக்கிற உறவுப் பட்டியல், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றில் தொடங்கி மேலே போங்கள்.

உறவுப் பட்டியலில் எல்லோரும் முதலில் பார்ப்பது மனைவி, பிள்ளைகள் பெயரை. இளம் வயதில் பழகி விட்டுப்போனவரைப் பொறுத்தவரை அதனால் பயனில்லை. அவர் கல்யாணத்துக்கு முந்திய ஆள்தான் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஞாபகம் இருக்கக்கூடியது அவருடைய அப்பா பெயர், அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர். ஆகவே முன்னெழுத்தையும் உடன்பிறந்தவர்கள் வரியையும் பாருங்கள். இரண்டு உடன்பிறந்தவர்கள் பெயர் பொருந்தினால் படம் எப்படி இருந்தாலும் அவர்தான். ஒரு பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. பாடலீஸ்வரர் ஊரில் ஒரு தலைமுறைக்கு எத்தனை பாடலிங்கம் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பள்ளியில் அப்பாவின் முன்னெழுத்தோடு தெரிந்த கலைவாணி, அறிவிப்பில் கணவரின் முன்னெழுத்தோடு ‘கலைவாணி அம்மாள்’ ஆகியிருப்பார். அவரைப் பிறந்த வீட்டு வரியில்தான் பிடிக்க முடியும். பல அறிவிப்புகளில் அந்த வரியே இருக்காது. ஆண்களுக்கு வேறொரு சிக்கல்: கூப்பிடு பெயர் ஒன்று, பதிவுப் பெயர் வேறொன்று. தெருவே ‘குமார்’ என்று அழைத்தவர் அறிவிப்பில் தாத்தா பெயரோடு நிற்பார். பெயர்களுக்கு நடுவே (எ) என்று இருந்தால் அது ‘என்கிற’ என்பதன் சுருக்கம். அதற்குப் பின்னால் வருவதுதான் பெரும்பாலும் நீங்கள் அறிந்த பெயர்.

வயது ஓரிரண்டு ஆண்டு முன்னே பின்னே இருப்பதை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிய தேதிதான் பிறந்த தேதி. வீட்டார் சிலர் நடக்கும் வயதைப் போடுவார்கள், சிலர் முடிந்த வயதை. படமும் அப்படித்தான். கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்ததாக இருக்கலாம். ஸ்டூடியோக்காரர் கோட்டு மாட்டிவிட்டதாகவும் இருக்கலாம்.

அடுத்து, இறந்தது யார் என்பதிலேயே வருகிற தவறு. ‘கடலூர் மாமன்ற உறுப்பினர் திரு. இன்னார் அவர்களின் தாயார்’ என்ற அறிவிப்பில் பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம் அந்த ‘இன்னார்’ பெயர்தான். அவர் உயிரோடு வாசலில் நின்று வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருப்பார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் அடிவரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கும் படங்களும் உயிருள்ளவர்களுடையவை, ஒட்டிய நண்பர்கள். (செம்மண்டலத்தில் பேருந்து சிக்னலில் நிற்கும் அரை நிமிடத்தில் இதில் தவறாதவர் குறைவு.) ‘அமரர்’, ‘லேட்’ என்ற சொல் எந்தப் பெயருக்கு முன்னால் இருக்கிறதோ அவர் முன்பே போனவர். ‘அமரர் இன்னாரின் மனைவி’ காலமானார் என்றால், உங்களுக்குத் தெரிந்த அந்த இன்னார் எப்போது போனார் என்பதே உங்களுக்கு எட்டாத செய்தி; இரண்டு இறப்பையும் ஒரே வரியில் தெரிந்துகொள்கிறீர்கள்.

‘நினைவஞ்சலி’ வேறு, ‘கண்ணீர் அஞ்சலி’ வேறு. முன்னது ஆண்டு நாளுக்குப் போடுவது. ‘3ஆம் ஆண்டு’ என்ற சிறு எழுத்தைக் கவனிக்காமல் அன்று காலையே மாலையோடு போய் இறங்கியவர்கள் உண்டு. கைபேசியில் சுற்றும் படங்களில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நாளிதழ் அறிவிப்பில் ஆண்டு பெரும்பாலும் அச்சாவதில்லை. ‘நேற்று’, ‘இன்று மாலை’, மிஞ்சினால் ‘15ஆம் தேதி வியாழக்கிழமை’. தேதியையும் கிழமையையும் இந்த ஆண்டு காலண்டரோடு ஒட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பழைய படம். பொருந்தினாலும் உறுதியில்லை: ஆகஸ்ட் 15 வியாழன் என்பது 2013, 2019, 2024 மூன்றுக்குமே சரி. சாதாரணமாக 5, 6 அல்லது 11 ஆண்டுக்கு ஒருமுறை அதே சேர்க்கை திரும்பி வரும். அனுப்பியவரிடம் ‘உங்களுக்கு யார் அனுப்பினது?’ என்று கேட்டு ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போவதுதான் பலன் தரும். உறுதியாகும் வரை நீங்கள் அதை வேறு யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.

நாளிதழில் தேடுவதென்றால் பதிப்பைக் கவனியுங்கள். கடலூர் வீட்டு அறிவிப்பு சென்னைப் பதிப்பில் பெரும்பாலும் வராது. மின்னிதழில் கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கங்களைத் தனித்தனியாகத் திறக்க வேண்டும். இறந்த நாளை விட்டு, மறுநாள், அதற்கு மறுநாள் இதழ்களைப் பாருங்கள். பதினாறாம் நாளை ஒட்டிக் காரிய அறிவிப்பு தனியாக வருவதும் உண்டு.

முகவரியில் உள்ளூர்ச் சுருக்கங்கள் இருக்கும். ஓ.டி. என்றால் முதுநகர், துறைமுகப் பக்கம். என்.டி. என்றால் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூரை உள்ளடக்கிய புதுநகர். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் இருக்கிறது, ரயில் நிலையமும் வேறு. அண்ணா நகர், காந்தி நகர் எல்லா ஊரிலும் உண்டு; கடலூரா புதுச்சேரியா என்று கேட்காமல் கிளம்பக் கூடாது. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் கடலூருக்கு அருகில் இருந்தாலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை.

உச்சியில் இருக்கும் வரி அலங்காரம் இல்லை. அந்த வீட்டு முறை என்ன, நீங்கள் என்ன கொண்டுபோகலாம், எப்போது போகலாம் என்பதை அது சொல்லிவிடும். ‘சிவமயம்’, ‘சிவலோக பதவி’ என்றால் சைவ வழி. ‘திருநாடு’, ‘ஆசாரியன் திருவடி’ என்றால் வைணவம். இரண்டிலும் மாலை கொண்டுபோகலாம். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ பெரும்பாலும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினர் எழுதுவது. கத்தோலிக்கர் வீட்டு அறிவிப்பில் திருப்பலி நேரமும் கோயில் பெயரும் இருக்கும். அங்கே மாலையோ மலர் வளையமோ மெழுகுவத்தியோ சரி. ‘இன்னா லில்லாஹி’ என்று தொடங்கினால் இஸ்லாமியர் வீடு; மாலை வேண்டாம், நேரத்தைப் பாருங்கள்: தாமதிக்காமல் அன்றே அடக்கம் செய்வதுதான் முறை. ‘அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பின் நல்லடக்கம்’ என்றால் பள்ளிவாசலுக்கு அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். முதுநகர், நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டைப் பக்கம் போஸ்டரைவிடப் பள்ளிவாசல் அறிவிப்புத்தான் முதலில் வரும். கணவரை இழந்த பெண் 4 மாதம் 10 நாள் இத்தா (துக்கத் தனிமை) இருப்பார். அந்தக் காலத்தில் அந்நிய ஆண்கள் அவரைப் பார்க்கப் போவதில்லை. மகனிடமோ தம்பியிடமோ விசாரிக்க வேண்டும், வீட்டுப் பெண்களை அனுப்பலாம்.

‘அருட்பெருஞ்ஜோதி’ என்று இருந்தால் வள்ளலார் வழியினர். வடலூர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் இவ்வகை அறிவிப்புகள் இங்கே அரிதல்ல. எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும், கருமாதி திதி வேண்டாம் என்பது வள்ளலார் சொன்னது. முறையை முழுதாகக் கைக்கொள்ளும் வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தைத் தேடிப் போனால் ஒன்றும் இருக்காது, அன்னதானம் இருக்கலாம்.

‘இயற்கை எய்தினார்’ என்பதைச் சிலர் ‘நோயில்லாமல் முதுமையில் இறந்தார்’ என்று படித்துக்கொள்கிறார்கள். அது கடவுள் பெயர் சொல்ல விரும்பாத பகுத்தறிவு, திராவிட இயக்கக் குடும்பங்களின் வழக்கிலிருந்து பரவிய சொல். காரணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘உடல் ஜிப்மருக்குத் தானம்’ (புதுச்சேரியில் உள்ள மருத்துவக் கல்லூரி) என்று இருந்தால் சுடுகாட்டு ஊர்வலம் கிடையாது. குறிப்பிட்ட நேரம் உடலை ஒப்படைக்கக் கிளம்பும் நேரம்.

புதுச்சேரி அறிவிப்பு என்றால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் அப்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அது தலைமுறை தலைமுறையாக வருகிறது. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களும் உண்டு. முத்தியால்பேட்டையில் நீங்கள் ஒரு பெயரில் அறிந்தவர், பத்திரத்தில் வேறு குடும்பப் பெயரோடு இருப்பார். அறிவிப்பில் அதுதான் வரும். பிள்ளைகள் பாரிசில் இருந்தால் அடக்கம் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். தூரத்திலிருந்து வரும் உங்களுக்கு அது வசதிதான்.

அவர் பிரான்சிலேயே இறந்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. அந்நாட்டுப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே, 1970 முதல் இறந்தவர்களின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், இறந்த தேதி, இறந்த இடம் ஆகியவை அதில் உண்டு. பிறந்த ஊர் புதுச்சேரி என்று தேடலாம். எழுத்துக்கூட்டல்தான் காலை வாரும்: ஆங்கிலத்தில் முருகனுக்கு ஒற்றை ‘யு’ போடும் இடத்தில் பிரெஞ்சில் ‘ஓ’, ‘யு’ இரண்டும் சேர்ந்து வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் அறிவிப்பில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். இறந்தவரின் பழைய எண் உங்களிடம் இருந்தால் அதற்கு வேண்டாம். அந்தக் கைபேசி இப்போது மகளிடமோ மனைவியிடமோ இருக்கும். திரையில் உங்கள் பெயர் அவர் சேமித்து வைத்தபடியே வரும், எடுப்பவருக்கு அது தாங்காது. அறிவிப்பில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மருமகன் அல்லது அண்ணன் மகன் எண், பேசுவதற்கென்றே கொடுத்தது. ‘இறந்துட்டாரா?’ என்று தொடங்காதீர்கள். ‘வணக்கம் தம்பி, சேதி பாத்தேன். இவரு முன்ன மஞ்சக்குப்பத்துல அச்சாபீஸ் பக்கத்துல இருந்தவர்தானே? அவர் அண்ணன் ரயில்வேல இருந்தாரே?’ என்று நீங்கள் அறிந்த ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். ஆமாம், இல்லை என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிடலாம். கூடவே ‘எப்ப எடுக்கிறீங்க?’ என்றும் கேட்டுவிடுங்கள். இந்த ஊரில் இது கடுமையான கேள்வி இல்லை, எல்லோரும் கேட்பதுதான்.

அச்சிட்ட நேரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ‘மாலை 4 மணி’ என்பது வீட்டிலிருந்து கிளம்பும் நேரம். முகம் பார்க்க வேண்டுமானால் ஒரு மணி நேரமாவது முன்னதாக இருக்க வேண்டும். 3 மணிக்குப் பிறகு சடங்குகள் தொடங்கினால் உறவுக்காரர்கள் சூழ்ந்துவிடுவார்கள். ராகு காலம் பார்க்கிற வீட்டில் நேரம் நகரும். செவ்வாயன்று 3 முதல் 4.30 வரை, ஞாயிறன்று 4.30 முதல் 6 வரை. ஞாயிறு 4 என்று போட்டிருந்தால் 4.30க்குள் கிளப்பிவிட அவசரப்படுவார்கள். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் நான்கு மணி நேரமாவது வேண்டும், புதுச்சேரியிலிருந்து முக்கால் மணியோ ஒரு மணியோ. நேரம் தவறினால் வீட்டுக்குப் போய்த் தேடாமல் நேரே மயானத்துக்குப் போகலாம்: கடலூரில் பல குடும்பங்களுக்குக் கம்மியம்பேட்டை, புதுச்சேரியில் கருவடிக்குப்பம், கத்தோலிக்கருக்கு உப்பளம் கல்லறை. ஆனால் எதுவென்று அறிவிப்பைப் பாருங்கள், ஒவ்வொரு பேட்டைக்கும் தனி இடம் உண்டு. பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பெண்ணாக இருந்தால் வீட்டுக்கே போவதுபோல் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

போவதா வேண்டாமா என்பதற்கு எளிய அளவு: அவர் வீட்டில் சாப்பிட்டிருந்தால் போங்கள். அதற்குக் குறைந்த பழக்கம் என்றால் பதினாறாம் நாளுக்குள் ஒருமுறை துக்கம் விசாரித்தால் போதும். செவ்வாய், வெள்ளியில் விசாரிக்க வருவதை விரும்பாத வீடுகள் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள்.

துக்க வீட்டில் உங்களை யாருக்கும் அடையாளம் தெரியாது. இதுதான் பலரைத் தயங்க வைக்கிறது. உண்மையில் அது ஒரு பொருட்டே இல்லை. செருப்பை வாசலில் விட்டு, மாலையை ஐஸ் பெட்டியின் மேல் வைத்து, கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள். எப்படி நடந்தது என்று மனைவி மக்களிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்வதற்கென்றே சாமியானாவுக்குக் கீழே ஒரு மாமா உட்கார்ந்திருப்பார். டீ கொடுத்தால் மறுக்க வேண்டாம். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்வதில்லை, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். காரியத்தன்று பணம் வைக்கும் வழக்கமுள்ள வீடாக இருந்தால், சுபத்துக்குச் சேர்க்கும் அந்த ஒற்றை ரூபாயை இங்கே சேர்க்காதீர்கள்.

பதினாறை எண்ணும்போது இறந்த நாளே முதல் நாள். 3ஆம் தேதி இறந்தால் 18ஆம் தேதி. ஆனால் பிள்ளைகளின் விடுமுறைக்காக 11ஆம் நாளிலேயே முடித்துவிடும் வீடுகள் இப்போது அதிகம். காலையில் ஆற்றங்கரையிலோ தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ நடப்பது குடும்பத்துக்கு. நண்பர்கள் படத்திறப்புக்கும் சாப்பாட்டுக்கும் போனால் போதும். ஆண்டு கழித்து வீட்டில் கொடுக்கும் திவசம் திதிப்படி வருவது, போஸ்டர் ஆங்கிலத் தேதிப்படி வருவது. இரண்டும் ஒரே நாளில் அமைவது அபூர்வம்.

எல்லாம் முடிந்து பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது என்றால் கடிதம் எழுதுங்கள். கைபேசிச் செய்தி வேண்டாம். அது மற்ற நூற்றோடு நூறாகப் புதைந்துபோகும். ஏழெட்டு வரி போதும். நீங்கள் யார், எந்த ஆண்டு, எந்தத் தெரு. பிறகு அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரே ஒரு விஷயம்: உங்களுக்கு அவர் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்த ஆண்டு உங்கள் வீட்டுச் சாமான்களை மாடியில் ஏற்றியது போல. நீங்கள் அறிந்த இளவயது ஆளை அவர் பிள்ளைகள் பார்த்ததே இல்லை; அதைக் கொடுக்க உங்களால்தான் முடியும். பழைய படம் இருந்தால் பிரதி எடுத்துப் பின்னால் ஆண்டு எழுதி வையுங்கள். ஆறுதல் தத்துவம் வேண்டாம். அவரோடு சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் அந்த மன்னிப்பை அவர் மனைவியிடம் கேட்காதீர்கள். அது அவர் தலையில் இன்னொரு பாரம். இறந்தவருக்கு நீங்கள் பணம் தர வேண்டியிருந்தால் காரியம் முடிந்த பிறகு வீட்டாரிடம் நேரில் கொடுத்து, எதற்கான பணம் என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்களுக்குத் தர வேண்டியிருந்தது சிறு தொகை என்றால் மறந்துவிடுவதே மேல்.

அறிவிப்பே இல்லாத இறப்புகளும் உண்டு. 2020, 2021இல் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த மாதங்களில் பல வீடுகளில் போஸ்டர்கூட ஒட்டவில்லை. அப்படிப்பட்டவரைப் பற்றி எழுத்தில் உறுதி வேண்டுமானால் இறப்புப் பதிவேடு இருக்கிறது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடச் சொல்லலாம், நகல் கேட்கலாம். ஆனால் அந்த நகலில் இறப்பின் காரணம் இருக்காது. தேடும் இடத்தில்தான் தவறு நடக்கும். பதிவு, வசித்த ஊரில் இல்லை, உயிர் பிரிந்த ஊரில். கடலூர்க்காரர் ஜிப்மரில் இறந்திருந்தால் கடலூர் மாநகராட்சியில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. அது ஜிப்மர் அமைந்துள்ள உழவர்கரை நகராட்சியில் இருக்கும்.

கருமாதி அட்டையைப் படித்ததும் கிழித்துப்போடுவது இங்கே பழைய வழக்கம், வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். நாளிதழ்த் துண்டுக்கும் கைபேசிப் படத்துக்கும் அதே விதியைப் பின்பற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு குடும்பத்தின் உறவுப் பட்டியல் முழுதாக அச்சில் வருவது கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்து இதில்தான். வைத்துக்கொள்வதென்றால் ஓரத்தில் ஆண்டை எழுதி வையுங்கள், அவர்கள் அச்சடித்திருக்க மாட்டார்கள்.